பத்து நிமிடம் என்பது பாதி உண்மை

பெரம்பலூர் மாவட்டத்து எறையூரிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும், கல்லூரி முடித்த பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஒரு கருத்து கேள்வியே இல்லாமல் குடியேறிவிட்டது. கண்ணாடி போடும் பிள்ளைக்கு இருபது வயதானால் திருச்சிக்கோ பாண்டிச்சேரிக்கோ கூட்டிப்போய் லேசர் பண்ணிவிட வேண்டும். பத்து நிமிஷ வேலை, வலி இல்லை, தையல் இல்லை, மறுநாளே கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்கலாம், ஆயுசுக்கும் தொல்லை விட்டது. பெண்ணுக்கு வரன் பார்ப்பவர்கள் இதைச் சொல்கிறார்கள், காவலர் தேர்வுக்கு ஓடிப் பழகும் பையன்கள் சொல்கிறார்கள், ஏற்கெனவே செய்துகொண்ட அண்ணன்களும் அக்காக்களும் சொல்கிறார்கள். இது தவறான கருத்து என்று நான் எழுதுகிறேன்.

அந்தக் கருத்துக்கு உள்ள பலத்தை முதலில் ஒத்துக்கொண்டுவிடுகிறேன். லேசர் கண் அறுவை ஏமாற்று வேலை அல்ல. 1929-ல் சென்னையில் பிறந்த வேதியியலாளர் ரங்கசாமி சீனிவாசனும் அவருடைய சகாக்கள் இருவரும் 1981-ல் அமெரிக்காவின் ஐபிஎம் ஆய்வகத்தில் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். எக்சைமர் லேசரின் புற ஊதாக்கதிர், பக்கத்துத் திசுவைக் கருக்காமல் தேவையான இடத்தை மட்டும் நுண்ணளவில் செதுக்கும் என்பதே அது. 1995-ல் அமெரிக்க உணவு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த லேசரைக் கண் பவரைத் திருத்த அனுமதித்தது. லேசிக் முறைக்கான அனுமதியும் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் வந்தது. அந்த அமைப்பே முன்னின்று நடத்தி 2017-ல் வெளியிட்ட ஆய்வில், செய்துகொண்டவர்களில் 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் திருப்தி என்றார்கள். பார்வையே பறிபோவது மிக அரிது. கண் மருத்துவர்களே பலர் தங்கள் கண்ணில் இதைச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

இதில் எதையும் நான் மறுக்கவில்லை. ‘ஆகவே யோசிக்க எதுவுமில்லை’ என்று இவற்றிலிருந்து எடுக்கிற முடிவைத்தான் மறுக்கிறேன். கண்புரை வந்தவருக்கு அறுவை செய்யாவிட்டால் பார்வை இல்லை. கிட்டப்பார்வை உள்ளவருக்கோ ஒரு கண்ணாடி போதும், அவர் முழுசாகப் பார்க்கிறார். நோயில்லாத கண்ணின் நோயில்லாத திசுவை நிரந்தரமாக எடுத்துவிடுகிற வேலை இது. நோய்க்குச் செய்யும் அறுவையில் பொறுத்துக்கொள்கிற ஆபத்தை இங்கே பொறுத்துக்கொள்ள முடியாது. நம் ஊர்ப் பேச்சில் இந்த வேறுபாடு ஒருமுறைகூடக் காதில் விழுவதில்லை.

1. லேசர் என்றால் வெட்டு இல்லையா?

வெட்டு உண்டு. லேசிக்கில் முதலில் சொட்டு மருந்தால் கண்ணை மரக்கவைத்து, இமைகளை ஒரு கம்பியால் விலக்கிப் பிடித்து, விழிமேல் ஒரு வளையத்தை உறிஞ்சிப் பிடிக்கும்படி வைக்கிறார்கள். அந்த அழுத்தத்தில் சில வினாடிகள் பார்வை இருண்டுபோகும். பிறகு நுண்ணிய பிளேடாலோ வேறொரு லேசராலோ, கண்ணின் முன்பக்கத்துப் படலமான கார்னியாவின் மேற்பகுதியை வட்டமாக வெட்டி, ஒரு பக்கம் மட்டும் ஒட்டியிருக்க, புத்தக அட்டையைத் திருப்புவதுபோல் திருப்பி வைக்கிறார்கள். அந்த மடலுக்கு அடியில் உள்ள திசுவைத்தான் எக்சைமர் லேசர் செதுக்குகிறது. செதுக்கும்போது கருகிய வாடை வரும். பின்பு மடலைத் திரும்பப் படியவைக்கிறார்கள். தையல் போடுவதில்லை.

தையல் இல்லை என்பதைத்தான் நம் ஆட்கள் பெருமையாகச் சொல்கிறார்கள். ஆனால் அந்த மடல் பழையபடி முழுசாக ஒட்டுவதே இல்லை. விளிம்பில் மட்டும் தழும்பு உருவாகிப் பிடித்துக்கொள்கிறது, நடுப்பகுதி பல ஆண்டுகள் கழித்தும் பலமில்லாமலே கிடக்கிறது. பலமான அடி பட்டு, அறுவை முடிந்து பல ஆண்டுகளான பிறகும் மடல் இடம் பெயர்ந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. வெட்டும்போது கார்னியாவின் நரம்பு இழைகளும் அறுபடுகின்றன. கண்ணுக்கு ஈரம் வேண்டும் என்று மூளைக்குச் சொல்பவை அந்த இழைகள்தாம். அவை வளர மாதக்கணக்கில் ஆகும். அறுவைக்குப் பின் கண் உலர்ந்து உறுத்துவதற்கு இதுதான் முக்கியக் காரணம். பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் தணிகிறது, சிலருக்குத் தணிவதில்லை. வெகு சிலருக்கு நரம்பே வலியின் ஊற்றாகிவிடுகிறது. அந்த வலிக்குச் சொட்டு மருந்து கேட்பதில்லை.

2. எல்லாக் கண்ணுக்கும் செய்துவிடலாமா?

எவ்வளவு பவர் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது கார்னியா எத்தனை மைக்ரான் என்று. நடுக் கார்னியாவின் தடிமன் சாதாரணமாக 500 முதல் 550 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டர். ஒரு பவரைக் குறைக்க ஏறக்குறைய 12 முதல் 15 மைக்ரான் வரை செதுக்க வேண்டும். 500 மைக்ரான் கண்ணில் 110 மைக்ரானுக்கு மடல் வெட்டி, மைனஸ் எட்டு பவருக்காக இன்னொரு 110 மைக்ரானை எடுத்துவிட்டால், மடலுக்கு அடியில் எஞ்சுவது 280. கண்ணுக்குள் இருக்கும் அழுத்தத்தை ஆயுள் முழுக்கத் தாங்க வேண்டியது அந்த 280 மைக்ரான்தான். 250-க்குக் கீழே போகக்கூடாது என்பது பழைய எல்லை, 300-ஆவது மிஞ்சட்டும் என்பதே இன்று கவனமுள்ள மருத்துவர்கள் பலரின் நிலை.

எல்லை மீறினாலோ, கார்னியா பிறவியிலேயே பலவீனமாக இருந்தாலோ, அது மெல்ல மெல்ல முன்னே பிதுங்கத் தொடங்கும். இதற்கு எக்டேசியா என்று பெயர். பார்வை கோணிப்போகும், கண்ணாடி போட்டாலும் நேராகாது. கெட்டியான காண்டாக்ட் லென்ஸ், ரிபோஃப்ளேவின் ஊற்றிப் புற ஊதாக்கதிர் பாய்ச்சி இறுக்கும் சிகிச்சை, கடைசியில் கண் தானமாக வந்த கார்னியாவை மாற்றி வைப்பது என்று வழி நீளும். அது பெரும்பாலும் உடனே வருவதுமில்லை. சில ஆண்டுகள் கழித்துத் தலைகாட்டும், அப்போது அறுவை செய்த இடத்தோடு நமக்குத் தொடர்பே இருக்காது.

எக்டேசியா வருவோர் விகிதம் வெவ்வேறு ஆய்வுகளில் பத்தாயிரத்தில் நான்கு பேர் என்பதிலிருந்து ஆயிரத்தில் ஆறு பேர் வரை மதிப்பிடப்பட்டுள்ளது. குறைவுதானே என்பீர்கள். அந்தக் கணக்கு, தகுதியற்ற கண்களைக் கழித்த பிறகு வந்தது என்பதை மறக்கக்கூடாது. கழிக்க வேண்டிய கண்களில் முதன்மையானது கெரட்டோகோனஸ், அதாவது கார்னியா தானாகவே கூம்பாகும் நோய். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் நடந்த பழைய ஆய்வில் அது ஒரு லட்சத்தில் 54 பேருக்கு இருந்தது. நாக்பூரை ஒட்டிய கிராமங்களில் நடந்து 2009-ல் வெளியான ஆய்வில் நூற்றுக்கு 2.3 பேருக்கு இருப்பதாகத் தெரிந்தது. இரண்டும் ஒரே அளவுகோலில் எடுத்தவை அல்ல, நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. என்றாலும் இந்தியக் கண்களில் இது அபூர்வம் இல்லை என்று உணர அது போதும். கண்ணை ஓயாமல் கசக்கும் பழக்கம் இந்த நோயோடு சேர்ந்தே காணப்படுகிறது. ஆரம்பக் கட்டத்தில் நோயாளிக்கு எதுவும் தெரியாது. டோபோகிராபி என்கிற கார்னியா வரைபடம் மட்டுமே காட்டிக்கொடுக்கும். அந்த வரைபடத்தை நிதானமாகப் பார்த்து, “உங்க கண்ணுக்கு இது வேண்டாம்” என்று திருப்பி அனுப்புகிற மருத்துவர் நல்ல மருத்துவர். நம் ஊரிலோ, அப்படி அனுப்பப்பட்டவர் ஏமாந்த முகத்தோடு வேறு ஆஸ்பத்திரி தேடுகிறார்.

3. லட்சத்தில் ஒருவருக்குத்தானா?

பார்வை பறிபோவது ஒன்று, பார்வை கெடுவது இன்னொன்று. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டு ‘அரிது’ என்கிறார்கள். நான் மேலே சொன்ன அதே 2017 ஆய்வைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். அறுவைக்கு முன் எந்தப் பார்வைத் தொந்தரவும் இல்லாதிருந்தவர்களில் ஒரு குழுவில் 43 விழுக்காட்டினர், இன்னொரு குழுவில் 46 விழுக்காட்டினர், மூன்று மாதம் கழித்துப் புதிதாக ஏதோ ஒரு தொந்தரவைச் சொன்னார்கள். விளக்கைச் சுற்றி ஒளிவட்டம், விளக்கிலிருந்து கதிர் கதிராகச் சிதறும் ஒளி, கூசல், இரட்டை உருவம். கண் உலர்வே இல்லாதிருந்தவர்களில் 28 விழுக்காடு வரை புதிதாக உலர்வைச் சொன்னார்கள். ஏற்கெனவே தொந்தரவு இருந்த பலருக்கு அது குறைந்ததும், அன்றாட வேலைக்கே பெரும் இடைஞ்சல் ஆனவர்கள் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு என்பதும் அதே ஆய்வில் உண்டு. அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

அந்த ஆய்வில் என்னை அதிகம் உறுத்திய தகவல் வேறு. தொந்தரவுகளை மருத்துவரிடம் நேரில் சொன்னவர்களைவிடக் கேள்வித்தாளில் தனியாக எழுதியவர்கள் இரண்டு மடங்குக்கும் மேல். அமெரிக்காவிலேயே இப்படி என்றால், டாக்டர் முன்னால் நின்று வாய் திறக்கவே கூசுகிற நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் “நல்லா இருக்குங்க சார்” என்று சொல்லிவிட்டு வந்திருப்பார்கள்? நகையை அடகு வைத்து அப்பா கட்டிய பணம் அது. ராத்திரியில் விளக்கு சிதறித் தெரிகிறது என்று எந்த வாயால் வீட்டில் சொல்வார்கள்?

ராத்திரி என்றால் எந்த ராத்திரி என்பதும் முக்கியம். கரும்பு அரவைக் காலத்தில் எறையூர் சர்க்கரை ஆலைக்கு இருட்டிய பிறகும் டிராக்டர்கள் வந்துகொண்டிருக்கும். பின்னால் சிவப்பு விளக்கு இல்லாத டிரெய்லர், அகலத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கரும்பு, எதிரே ஹைபீம் குறைக்காத லாரி. திருச்சி–சென்னை நான்குவழிச் சாலையில் ஏறினால் வெளிச்சம் இன்னும் கடுமை. எதிர் விளக்கு ஒரு வட்டமாகப் பரவி டிரெய்லரின் ஓரத்தை விழுங்கிவிட்டால், பைக்கில் வரும் பையனுக்கு மிஞ்சுவது ஓரிரு வினாடி. பகலில் ஆஸ்பத்திரிச் சுவரில் கடைசி வரி எழுத்தைப் படித்ததை வைத்து அந்தப் பார்வைக்கு மதிப்பெண் போட முடியாது.

4. ஊருக்கு ஊர் ஆபத்து ஒன்றுதானா?

குளிரூட்டிய அலுவலகத்தில் கணினி பார்க்கிறவருக்குச் சொல்லும் அறிவுரையை மக்காச்சோளக் காட்டில் இறங்குகிறவருக்கும் அப்படியே சொல்கிறார்கள். பெரம்பலூர் மாவட்டம் மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும் சின்ன வெங்காயத்துக்கும் பேர்போனது. படித்த பிள்ளையும் அறுவடை நேரத்தில் காட்டுக்குப் போகிறது. சோளத் தோகையின் ஓரம் கண்ணில் கீறினால் என்ன ஆகும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தென்னிந்தியாவில் கார்னியாவில் பூஞ்சைப் புண் வருவதற்கு இப்படிச் செடி, கொடி, வைக்கோல் பட்ட காயங்கள் பெரிய காரணம் என்பது கண் மருத்துவத்தில் நிலைபெற்ற செய்தி. மடல் வெட்டிய கண்ணில் அந்தக் கீறல் மடலின் விளிம்பில் பட்டால் நிலைமை இன்னும் சிக்கல்.

அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலைகளும் சுண்ணாம்புக்கல் லாரிகளும் கிளப்பும் புழுதி தனிக்கதை. உலர்ந்த கண்ணுக்குப் புழுதி, புழுதி பட்டால் கசக்கல், புதிதாக வெட்டிய மடலுக்குக் கசக்கல். ஒன்றுக்கொன்று துணை போகும் சங்கிலி இது. மடல் வெட்டாத பிஆர்கே முறையும் உண்டு. அதில் முதல் சில நாள் வலி அதிகம், பார்வை தெளிய நாளாகும், ஆனால் அடிபட்டால் பெயர மடல் இல்லை. ராணுவத்திலும் உடல் மோதும் விளையாட்டுகளிலும் இருப்பவர்களுக்கு அதைப் பரிந்துரைப்பது அதனால்தான். ஸ்மைல் என்கிற புதிய முறையிலும் மடல் இல்லை, திசுவை எடுப்பது மட்டும் மாறவில்லை. எங்கள் பிள்ளை காட்டு வேலை செய்கிறான், இவற்றில் எது பொருந்தும் என்று கேட்கும் பெற்றோரை நான் இன்னும் பார்க்கவில்லை. எது மறுநாளே சரியாகும் என்றுதான் கேட்கிறார்கள்.

5. கண்ணாடி போனால் கண் சரியாகிவிட்டதா?

இல்லை. கிட்டப்பார்வை பெரும்பாலும் விழிக்கோளம் நீண்டுபோவதால் வருகிறது. லேசர் முன்பக்கத்துக் கார்னியாவைத் தட்டையாக்குகிறது, விழியின் நீளம் அப்படியேதான் இருக்கிறது. நீண்ட விழியில் இழுபட்டு மெலிந்த விழித்திரையும் அப்படியேதான் இருக்கிறது. விழித்திரை கிழிந்து விலகும் ஆபத்தும், குளுக்கோமா என்கிற கண் அழுத்த நோய் வருவதற்கான வாய்ப்பும் போகவில்லை. கண்ணாடி போட்டிருந்த வரை வருடத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போனவர், அது போனதும் போவதை நிறுத்திவிடுகிறார். போனாலும் கார்னியா மெலிந்த கண்ணில் கண் அழுத்தக் கருவி உண்மை அளவைவிடக் குறைத்துக் காட்டும். லேசர் செய்ததைச் சொல்லாவிட்டால் குளுக்கோமா கவனத்துக்கு வராமலே போகலாம்.

‘ஆயுசுக்கும் கண்ணாடி இல்லை’ என்பதும் நிற்காது. நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து வந்தே தீரும், லேசர் செய்த கண்ணுக்கும் வரும். மைனஸ் இரண்டு, மூன்று பவர் உள்ளவர்கள் அந்த வயதில் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பொடி எழுத்தையும் படிப்பார்கள். லேசர் செய்துகொண்டவர் அதற்கே கண்ணாடி வாங்க வேண்டும். போதாக்குறைக்கு, இருபது வயதில் பவர் இன்னும் ஏறிக்கொண்டிருப்பவருக்குச் செய்துவிட்டால் அறுவைக்குப் பிறகும் அது ஏறும். ஓராண்டாவது பவர் மாறாமல் நின்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதற்காகத்தான். கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் தள்ளிப்போடச் சொல்வதும் அப்படியே.

6. வேலைக்காகத்தானே செய்கிறோம்?

அந்த வேலையின் விதியைப் படித்துவிட்டா செய்கிறீர்கள்? பொன்மலை ரயில்வே பணிமனை பக்கத்தில் இருப்பதால் நம் பிள்ளைகளுக்கு ரயில்வே வேலை மேல் கண். ரயில்வேயின் உதவி லோகோ பைலட் பணி அறிவிக்கைகளில், பார்வைத் திருத்தத்துக்கு லேசிக் உள்ளிட்ட அறுவை செய்துகொண்டவர்கள் தகுதியற்றவர்கள் என்று அச்சிட்டிருக்கிறார்கள். கண்ணாடி போட்டால் கிடைக்காத வேலைக்கு லேசர் செய்துகொண்டு போனாலும் கிடைக்காது. போட்ட பணமும் போய், திசுவும் போய், கதவும் மூடியபடியே இருக்கும்.

ராணுவ அதிகாரி பணிக்கான ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வு விதிகள் அனுமதிக்கின்றன, ஆனால் நிபந்தனையோடு. 20 வயதுக்கு முன் செய்திருக்கக்கூடாது. செய்து 12 மாதம் ஆகியிருக்க வேண்டும். விழிக்கோளத்தின் நீளம் 26 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. கார்னியா 450 மைக்ரானுக்குக் குறையக்கூடாது. மேலே சொன்ன 500 மைக்ரான் கண்ணில் நான்கு பவருக்குச் செதுக்கினாலே 450-ஐ ஒட்டி வந்துவிடும், எட்டு பவருக்குச் செதுக்கினால் 390. தேர்வுக்குத் தயாராகும் பையனுக்கு இந்த எளிய கழித்தலை யாராவது போட்டுக் காட்டினார்களா?

7. கல்யாணத்துக்கு?

ஒரு பெண் கண்ணாடி போடுவது குறை என்று நினைக்கிற குடும்பத்தின் எண்ணத்தைத் திருத்தாமல், அந்தப் பெண்ணின் கார்னியாவைத் திருத்துகிறோம். அவளே தனக்கு வேண்டும் என்று கேட்டால் அது அவள் உரிமை. வரன் வீட்டார் முகம் சுளித்ததற்காக அவளைப் படுக்கவைப்பது அநியாயம். இதில் எதிர்வாதம் என்று எடுத்துப் பேச எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

8. எல்லாம் சொல்லித்தானே கையெழுத்து வாங்குகிறார்கள்?

கையெழுத்து வாங்குவது உண்மை. சொல்கிறார்களா என்பதுதான் கேள்வி. சிகிச்சையின் தன்மை, அதன் ஆபத்து, அதற்கு மாற்று வழி, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று போதிய தகவல் தந்து பெறுவதே செல்லுபடியாகும் ஒப்புதல் என்று 2008-ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. லேசருக்கு மாற்று வழி மூக்கின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. செய்யாவிட்டால் எதுவும் ஆகாது. இந்த இரண்டு வாக்கியங்களையும் வாய்விட்டுச் சொல்லிய பிறகு கையெழுத்து வாங்கட்டும். அமெரிக்கக் கட்டுப்பாட்டு அமைப்பே 2022 ஜூலையில், லேசிக் செய்துகொள்ள வருவோருக்குக் கண் உலர்வு, இரட்டைப் பார்வை, இரவில் வண்டி ஓட்டும் சிரமம், நீடித்த வலி ஆகியவற்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று வரைவு வழிகாட்டுதல் வெளியிட்டது. அங்குள்ள கண் அறுவை மருத்துவர் சங்கங்கள் அது ஒருபக்கச் சார்பானது என்று எதிர்த்தன. அனுமதி கொடுத்து இருபது ஆண்டுகளுக்கும் மேல் ஆன பிறகு, எதைச் சொல்ல வேண்டும் என்பதிலேயே அங்கே வாதம் நடக்கிறது. இங்கே டீக்கடையில் முடிவாகிவிட்டது.

இப்படி எழுதினால் மக்கள் பயந்து ஆஸ்பத்திரிக்கே போகமாட்டார்கள் என்று ஒரு குற்றச்சாட்டு வரும். 2008-ல் விழுப்புரம் மாவட்டக் கிராமத்து முகாமிலிருந்து பெரம்பலூருக்கு அழைத்துவரப்பட்டுக் கண்புரை அறுவை செய்துகொண்ட அறுபதுக்கும் மேற்பட்ட ஏழைகள் ஒரு கண்ணின் பார்வையை இழந்தார்கள். கிருமித்தொற்று அதற்குக் காரணம். அந்த வழக்கு சிபிஐ வரை போனது. அது லேசர் அல்ல, அதைக் காட்டி லேசரைப் பழிப்பது நேர்மையல்ல. அந்தச் செய்திக்குப் பிறகும் நம் பெரியவர்கள் கண்புரைக்கு அறுவை செய்துகொண்டுதான் இருக்கிறார்கள், செய்துகொள்ளத்தான் வேண்டும். ஆபத்தைச் சொன்னால் மக்கள் ஓடிவிடுவதில்லை. வேண்டியதையும் வேண்டாததையும் பிரித்துக்கொள்கிறார்கள். பிரிக்க முடியாமல் போவது மறைக்கும்போதுதான்.

எல்லாம் தெரிந்துகொண்டு, கார்னியா தடிமனாக, வரைபடம் சுத்தமாக, பவர் நிலையாக இருந்து, கண்ணாடியே வேண்டாம் என்று ஒருவர் முடிவெடுத்தால் அவரைத் தடுக்க எனக்கு உரிமையில்லை. 7.5 பவருக்குக் குறைவான பார்வைத் திருத்தச் செலவைத் தர வேண்டியதில்லை என்று மருத்துவக் காப்பீட்டு விதி இருப்பதால் பணம் கைக்காசு என்பதை மட்டும் கணக்கில் வைக்கட்டும்.

செய்துகொள்ளப் போகிறவர்களிடமும் செய்துகொண்டவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். அறுவைக்கு முன் எடுத்த கார்னியா வளைவு, தடிமன், பவர், டோபோகிராபி வரைபடம், செதுக்கிய அளவு ஆகியவை அடங்கிய தாள்களைக் கேட்டு வாங்குங்கள். அறுபது வயதில் கண்புரைக்கு லென்ஸ் வைக்கும்போது அந்த லென்ஸின் பவரைச் சரியாகக் கணக்கிட மருத்துவருக்கு அவை உதவும், இல்லாவிட்டால் கணக்கு தவறக்கூடும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. அதே விதிகள் உள்நோயாளி ஆவணங்களை ஆஸ்பத்திரி வைத்திருக்கச் சொல்வது மூன்று ஆண்டுகள்தான். கண்புரை வர இன்னும் முப்பது, நாற்பது ஆண்டுகள் இருக்கின்றன. அந்தத் தாள்களைப் பத்திரத்தோடும் பட்டாவோடும் சேர்த்துப் பெட்டியில் வையுங்கள்.